மூன்றாம் வரியில் பிரிந்த மெட்டு

காதுக் கருவி பொருத்துவது என் வேலை. தென் லண்டனில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், வெளிச் சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார்ந்து நாளெல்லாம் பிறர் காதுகளைச் சோதித்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் பேசுவது விளங்க வேண்டும், டிவியின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அந்த நவம்பரில் மூன்றாவது முறையாக என்னிடம் வந்த பெரியவருக்கு வேறு குறை இருந்தது.

"பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிறது," என்றார். "பாடும்போதுதான் கஷ்டம். நீட்டிப் பிடிக்கிற இடத்தில் குரல் நடுங்குகிறது, தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. தப்பு என்னுடையதா, பக்கத்தில் நிற்கிறவருடையதா என்று தெரியவில்லை. போன வாரம் அவரை முறைத்துவிட்டேன், பாவம்."

அவருக்கு எழுபத்தெட்டு வயது. மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் யூத ஜெப ஆலயத்தின் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர் சொன்ன குறை எனக்குப் புதிதல்ல. காதுக் கருவிக்குள் விசில் சத்தத்தை அடக்குவதற்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. நீண்டு ஒலிக்கிற எதையும் அது விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். சங்கீதத்துக்கென்று தனியாக ஒரு அமைப்பை வைத்து, இதை அணைத்துவிட வேண்டும். எவ்வளவு அணைக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

"பாடுங்கள்," என்றேன். "நீங்கள் பாடப் பாட நான் சரிசெய்துகொண்டே வருகிறேன்."

அவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எபிரேயத்தில் ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோட்டைக் கீழே இழுத்தேன், இன்னொன்றை ஏற்றினேன். முதல் வரி முடிந்து மறுபடி அதே மெட்டு வந்தபோது என் வாயும் கூடவே பாடிக்கொண்டிருந்தது. தமிழில். நான் பாடுகிறேன் என்பது அவர் நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"மன்னியுங்கள்," என்றேன்.

"இதை எங்கே கற்றீர்கள்?"

"சர்ச்சில்."

"எந்த சர்ச்சில்?"

"தரங்கம்பாடியில். தென்னிந்தியாவில், கடற்கரை ஊர். இது எங்கள் ஞானப்பாட்டு."

அவர் இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றினார், பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை," என்றார்.

இருவரும் சேர்ந்து பாடினோம். அவர் எபிரேயத்தில், நான் தமிழில். முதல் வரி ஒன்றாகவே போயிற்று. இரண்டாவதில் கொஞ்சம் உரசினோம். மூன்றாம் வரியில் அவர் மேலே ஏறினார், நான் கீழே இறங்கினேன். சிரித்துவிட்டு இருவரும் நின்றோம். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். கடைசி ஸ்வரம் நடுங்கியதா என்று கேட்டேன். கவனிக்க மறந்துவிட்டேன் என்றார்.

எங்கள் சபையில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. ராகத்தில் பாடுவது கீர்த்தனை. அந்தக் காலத்து ஜெர்மன் பாதிரிமார் தங்கள் மெட்டோடு கொண்டுவந்து தமிழில் எழுதிவைத்தது ஞானப்பாட்டு. இந்த வித்தியாசம் எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கல்லூரி முடிக்கும்வரை அந்த மெட்டுகள் எங்கள் ஊரிலேயே பிறந்தவை என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ ஒரு விரிவுரையாளர் அவற்றை ஜெர்மன் மெட்டு என்று சொன்னபோது எனக்குக் கோபம்கூட வந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கருவியைச் சரிபார்க்க வந்தபோது பெரியவர் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். தங்கள் துதிப்பாட்டுகளின் மெட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடுவதுதான் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய வேலை. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. சில மெட்டுகளை, மோசே மலையிலிருந்து இறங்கும்போது கூடவே கொண்டுவந்தவை என்று மரியாதையாகச் சொல்வார்களாம். உண்மையில் அவை ரைன் நதிக்கரை ஊர்களில் சில நூற்றாண்டுகளுக்கு முன் உருவானவை. சந்தையில் கேட்டது, கல்யாணத்தில் ஆடியது, படை நடக்கும்போது வாசித்தது என்று பலவும் உள்ளே வந்திருக்கின்றன.

"அன்று நான் பாடியது எங்கள் ஹனுக்கா பண்டிகைப் பாட்டு," என்றார். "விளக்கேற்றிய பிறகு பாடுவது. அதன் ஆரம்பமும் ஒரு பழைய ஜெர்மன் சர்ச் பாட்டின் ஆரம்பமும் ஒன்று என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அந்தச் சர்ச் பாட்டைச் சின்ன வயதிலிருந்து பாடி வளர்ந்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் ஜெர்மனியிலிருந்து அல்ல."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "என் அக்கா இதை நம்பமாட்டாள். பல வருஷமாக எனக்கும் அவளுக்கும் இதில்தான் சண்டை. பண்டிகைக்கு அவள் வீட்டுக்கு வரமுடியுமா?"

நோயாளிகள் வீட்டுக்கு விருந்துக்குப் போவது எங்கள் வேலையில் வழக்கமில்லை. என் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் விஷயத்தை முழுக்கக் கேட்டார், முதல் வரியைப் பாடிக் காட்டச் சொன்னார், இனி அந்தப் பெரியவரை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், நீ போய்வா என்றார்.

தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. அன்று இரவு இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கடைகளின் குளிர் அறைகளைப் பழுதுபார்ப்பவர். லண்டன் வருமுன் பன்னிரண்டு வருஷம் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். கல்யாணமான புதிதில் அவர் என்னை 'நீர்' என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெபத்தில் கடவுளைத் தவிர வேறு யாரையும் நான் நீர் என்று சொல்லிப் பழகியதில்லை.

"காது மெஷின் பூட்டப் போன இடத்தில நீர் பாட்டும் பாடினனீரோ?" என்றார்.

"தானா வந்துடுச்சுங்க. நீங்களும் வாங்க. தனியா போக ஒரு மாதிரியா இருக்கு."

"நான் வந்து என்ன செய்யிறது? எனக்குப் பாட ஏலாது. அது உமக்கே தெரியும்."

"சாப்பிடலாம்ல."

"ஓம், அது ஏலும். வாறன்."

அடுத்த நாள் அந்த அக்காவே தொலைபேசியில் கூப்பிட்டார். எண்பத்தொரு வயதுக் குரல். கணக்கு டீச்சராக இருந்தவர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. "என் கருத்து தவறு என்று நிரூபிக்க என் தம்பி உங்களை அழைத்திருக்கிறான். நீங்கள் வருவதில் எனக்குச் சந்தோஷம். நிரூபிக்க முடியாது. முட்டை சாப்பிடுவீர்களா?"

எங்களுக்குப் பக்கத்தில் மோர்டனில் ரயில் ஏறினால், அக்கா இருக்கும் கோல்டர்ஸ் கிரீனுக்கு ஒரே நேர்கோடு. டிசம்பர் மாதத்து மாலை, ஐந்து மணி ஆகுமுன்பே இருட்டிவிட்டது. அக்காவின் வீடு ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் முதல் மாடியில். தம்பி கதவைத் திறந்தார். அக்கா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்து, முதலில் என் கணவரைப் பார்த்து, "நீங்களும் பாடுவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்லது. இந்த வீட்டில் கேட்பதற்கும் ஒரு ஆள் வேண்டும்," என்றார்.

ஜன்னலோரம் ஒன்பது கிளை விளக்கு. அன்று நான்காம் நாள். நான்கு மெழுகுதிரிகள், அவற்றை ஏற்றுவதற்கு ஒன்று. அக்கா ஏற்றினார். பிறகு அந்தப் பாட்டு. தம்பியின் குரல் கனமாகவும் அக்காவின் குரல் மெல்லியதாகவும் இருந்தது. ஆனாலும் மெட்டை நடத்திப் போனது அக்காதான். தெருவில் போன ஒருவர் நின்று மேலே பார்த்துவிட்டுப் போனார்.

"இப்போது நீங்கள்," என்றார் அக்கா.

நான் எழுந்து நின்றேன். சர்ச்சில் அந்தப் பாட்டை உட்கார்ந்து பாடியதில்லை, பழக்கம் அப்படி. முதல் சரணத்தை முழுதும் தமிழில் பாடினேன். பாடும்போது அக்காவின் விரல் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரியில் விரல் நின்றுவிட்டது.

"அழகாகப் பாடுகிறீர்கள்," என்றார் முடிந்ததும். "ஆனால் இந்தப் பாட்டை ஜெர்மனில் எழுதிய பாதிரியார் எங்கள் ஜனங்களை வெறுத்து என்னென்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"உங்கள் தம்பி அழைத்த பிறகு தேடிப் படித்தேன்," என்றேன். "அதற்கு முன் தெரியாது. எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. படித்தபோது வெட்கமாக இருந்தது."

"நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாருங்கள், என் அம்மா ஜெர்மனியிலிருந்து இங்கே தனியாக வந்தாள். பத்தொன்பது வயது. அவளுடைய வீட்டார் யாரும் பிறகு வரவில்லை. இந்த மெட்டை அவள் அடுப்பின் முன் நின்று, துணி மடித்துக்கொண்டு, பண்டிகை இல்லாத நாளிலும் பாடிக்கொண்டிருப்பாள். இது அந்த மனிதருடையது என்றால், என் அம்மா ஆயுள் முழுக்க என்னத்தைப் பாடிக்கொண்டிருந்தாள்?"

தம்பி மடியில் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை மூடினார். பல வருஷச் சண்டை என்று அவர் சொன்னது உண்மையில் என்ன சண்டை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வந்திருக்கவே கூடாதோ என்று நினைத்தேன்.

அதுவரை உருளைக்கிழங்கு அடையை மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் தட்டைக் கீழே வைத்தார். "அந்தாளுக்கு இந்த மெட்டு எங்கயிருந்து வந்ததாம்? கேளும்," என்றார் என்னிடம்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். தம்பி நிமிர்ந்தார். "அதற்கும் இதில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம்வரை இவள் என்னை ஒருநாளும் வரவிட்டதில்லை." நோட்டைப் புரட்டினார். நூலகத்தில் பிரதி எடுத்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. சர்ச் பாட்டுக்கும் முந்தைய, தெருவில் பாடிய ஒரு ஜெர்மன் நாட்டுப் பாட்டு. "எனக்கு ஜெர்மன் வராது," என்றார். "அம்மா என்னிடம் ஆங்கிலம்தான் பேசினாள். இவளுக்குக் கொஞ்சம் வரும், ஆனால் தொடமாட்டாள்."

என் கணவர் கையை நீட்டினார். "தாங்கோ பாப்பம்," என்று தமிழிலேயே சொல்லித் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது பழைய டொச். எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக் கிடக்கு. கொஞ்சம் பொறுங்கோ."

டொச் என்று அவர் சொல்வது ஜெர்மனை. பிறகு வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். அவர் ஜெர்மன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அவருடைய ஜெர்மன் வகுப்பில் கற்றதல்ல, தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரரிடம் பிடித்தது. ஒரு சொல்லில் தடுக்கி நின்றார். சின்னப் பூ என்று அர்த்தமாம். அச்சில் இருந்தபடி ஒருமுறை சொன்னார், பிறகு தனக்குத் தெரிந்த மாதிரி, கடைசியில் ஒரு 'லே' போட்டு, "ப்ளூம்லே" என்றார்.

அக்கா தலையைத் தூக்கினார். "என்ன சொன்னீர்கள்?"

"ப்ளூம்லே. அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்லுவினம். எல்லாத்துக்கும் பின்னால ஒரு லே," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரிடம் அதையே ஜெர்மனில் சொன்னார்.

அக்கா ஜெர்மனில் பதில் சொன்னார். முதலில் மூன்று சொல். பிறகு ஒரு முழு வாக்கியம். அவர் தம்பி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அக்காவின் அம்மா ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பெண். பூவுக்கு லே, பூனைக்கு லே, மகளுக்கும் பேரின் பின்னால் ஒரு லே. அம்மா போன பிறகு அந்தப் பேச்சை அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க விரும்பியதும் இல்லை. இன்று, மிச்சத்திலிருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் எண்ணெய் மினுங்க அதைச் சொல்கிறார்.

அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. "இவர் என் மாமா மாதிரிப் பேசுகிறார்," என்றார் எங்களிடம் ஆங்கிலத்தில். "புகைப்படத்தில் மட்டும் நான் பார்த்திருக்கிற மாமா. இப்படித்தான் பேசியிருப்பார்."

அதன்பிறகு தாள் இரண்டு பேர் நடுவிலும் இருந்தது. ஒரு சொல்லை இவர் சொல்ல, இல்லை என்று அவர் மறுக்க, டீச்சரின் பென்சில் வந்தது. எனக்கு எதுவும் விளங்கவில்லை. "என்னங்க, பாட்டு எதைப் பத்தி?" என்று கேட்டேன்.

"தரவை தெரியுமே? வெட்ட வெளி, மாடு மேயிற இடம். அதில பூத்த ஒரு சின்னப் பூவாம். அதை நினைச்சால் இவனுக்குச் சந்தோசமாம். பூ எண்டு சொல்லுறது ஒரு பெட்டையைத்தான் போல. சாமியும் இல்லை, சபையும் இல்லை."

"காதல் பாட்டா?"

"ஓம். காதல் பாட்டு."

அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கணக்கை முடித்த மாதிரி எங்களைப் பார்த்தார். "ஆக, தெருவில் எல்லோரும் பாடியிருக்கிறார்கள். பாதிரியார் தன் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். எங்களவர்களும் தங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுக்கவில்லை. என் அம்மா பாடியது பூப் பாட்டு." பிறகு தம்பியைப் பார்த்து, "நீ இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நான்..." என்று ஆரம்பித்தவர் ஒரு டோநட்டை எடுத்துக்கொண்டார்.

தம்பியிடம் பிறகு நான் தனியாகக் கேட்டேன், உண்மையில் அவ்வளவு எளிதா என்று. இல்லை என்றார். யார் எப்போது எதிலிருந்து எடுத்தார்கள் என்று இன்னும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்களாம். ஆனால் அக்கா சொன்னது பொய்யும் இல்லை என்றார். அது போதும் என்று எனக்கும் தோன்றியது.

அன்று எட்டு மணிவரை பாடினோம். எபிரேயத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, பிறகு பூப் பாட்டின் சொற்களை அதே மெட்டில் வைத்து ஒன்று. எல்லோரும் சேர்ந்து பாடும்போது மூன்றாம் வரியில் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டோம். கடைசியில் அக்கா ஒரு ஏற்பாடு செய்தார்: மூன்றாம் வரி வந்ததும் மற்றவர்கள் நிற்பது, அவரவர் வரியை அவரவர் தனியாகப் பாடுவது, நான்காவதில் எல்லோரும் திரும்பிச் சேர்வது. பாட ஏலாது என்று சொன்ன என் கணவரும் பாடினார். ஒரே ஸ்வரத்தில், ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல், ஆனால் ஒவ்வொரு 'லே'யையும் அழுத்தமாக. நீட்டிப் பிடித்த இடங்களில் இப்போது நடுங்குகிறதா என்று பெரியவரிடம் சைகையில் கேட்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகு அக்காவும் என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், "உருளைக்கிழங்குச் சாலட்டுக்கு மயோனைஸ் போடுறதோ, சூப் ஊத்துறதோ எண்டு சண்டை. ரெண்டு பேருக்கும் சூப்தான் சரி. ஆனாலும் ஒரு மணித்தியாலம் கதைச்சம்," என்பார்.

தம்பி என்னிடம் வேறொன்று கேட்டார். சனிக்கிழமை ஆராதனை முடிவில் பாடும் ஒரு துதிப்பாட்டு உண்டு. அதன் சொற்களை எந்த மெட்டில் வேண்டுமானாலும் அடக்கிவிடலாம். கால்பந்து மைதானத்தில் கூட்டம் பாடும் மெட்டில்கூட ஒருமுறை பாடியிருக்கிறார்களாம். "தமிழிலிருந்து ஒன்று கொடுங்களேன்," என்றார்.

நிறைய யோசித்தேன். ஞானப்பாட்டு கொடுத்தால் அது மறுபடி ஜெர்மனிக்கே போய்விடும். பள்ளிக்கூடத்தில் வட்டமாகச் சுற்றி வந்து நாங்கள் கும்மியடித்த ஒரு மெட்டு ஞாபகம் வந்தது. அதைச் சொல் இல்லாமல் 'தன்னன்னா' போட்டுத் தொலைபேசியில் பதிந்து அனுப்பினேன். பஸ்ஸில் வரும்போதே பதிந்தேன். முன் இருக்கைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பெரியவர் தன் குழுவோடு உட்கார்ந்து அதில் எபிரேயச் சொற்களை ஏற்றினார். ஒரு இடத்தில் அசை மிஞ்சியது, அதை நீட்டிச் சமாளித்தார்கள். கோடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பாடியே விட்டார்கள். அன்று எனக்கு வேலை. போகமுடியவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்து, அக்காவின் அழைப்பில் ஒரு சனிக்கிழமை காலை அந்த ஜெப ஆலயத்துக்குப் போனேன். அக்காவுக்கு முன் வரிசையில் இடம். தாமதமாகப் போன நான் பின்னால், ஊதாத் தொப்பி போட்ட ஒரு அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆராதனை முடியும் தறுவாயில் குழு எழுந்தது. கும்மி மெட்டு ஆரம்பித்தது. சபை முழுவதும் கூடவே பாடியது. யாரும் தாளைப் பார்க்கவில்லை. கொஞ்சம் வேகம் குறைந்திருந்தது, முடிவில் நாங்கள் போடாத ஒரு சுழிப்பும் சேர்ந்திருந்தது.

எனக்கு எபிரேயச் சொற்கள் தெரியாது. வாய்க்குள் தன்னன்னா என்று முனகினேன். முடிவுக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் பாடியபடி நேராக இறக்கினேன்.

ஊதாத் தொப்பி அம்மாள் என் கையை மெல்லத் தொட்டார். "அப்படி இல்லை, கண்ணு," என்றார் கனிவாக. "கடைசியில் இப்படித் திரும்ப வேண்டும். கேளுங்கள்." என் காதோரம் அந்தச் சுழிப்பைப் பாடிக் காட்டினார். "புதிதாக வருகிறவர்களுக்குக் கஷ்டம்தான். இது எங்களுடைய ரொம்பப் பழைய மெட்டு."

இன்னொரு தடவை பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டினார். மூன்றாவது தடவை எனக்கு வந்துவிட்டது.